எதிரியின் ஃபிலிமில் நிலாவின் முதுகு: தெரியுமா?

நிலாவின் மறுபக்கத்தை மனிதன் முதன்முதலாகப் பார்த்தது 1959 அக்டோபரில். படமெடுத்தது சோவியத் யூனியனின் லூனா-3 விண்கலம். ஆனால் அந்தப் படங்கள் பதிவான ஃபிலிம் அமெரிக்காவில் தயாரானது, தெரியுமா? ரஷ்யர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை, கேட்டும் பெறவில்லை. வானத்திலிருந்து விழுந்தது!

1956-ன் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை நூற்றுக்கணக்கான ராட்சத பலூன்களைப் பறக்கவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உளவுக் கேமரா தொங்கியது. மேல்காற்று பலூனை சோவியத் நாட்டின் குறுக்கே தள்ளிக்கொண்டு போகும், கேமரா தன்பாட்டுக்குப் படமெடுத்துக்கொண்டே போகும், மறுகோடியில் வெளியே வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பெரும்பாலானவை வந்து சேரவே இல்லை. சுட்டு வீழ்த்தியவையும் தானாக விழுந்தவையுமாக ஏராளமான கேமராக்கள் ரஷ்யர்கள் கையில் சிக்கின. அவற்றுக்குள் கடுங்குளிரையும் கதிர்வீச்சையும் தாங்கும் அருமையான ஃபிலிம் சுருள்கள். லூனா-3-க்குக் கேமரா செய்துகொண்டிருந்தவர்கள் அப்படி ஒன்றுக்குத்தான் தவித்துக்கொண்டிருந்தார்கள். அளவாக வெட்டி விண்கலத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அதைவிட வியப்பு, அந்த விண்கலத்துக்குள் இருந்த குட்டி இருட்டறை. நிலாவைத் தாண்டிப் போய், ஏறக்குறைய 40 நிமிடங்களில் 29 படங்கள் எடுத்தது லூனா-3. ஆளில்லாத அந்தக் கலத்துக்குள்ளேயே ஃபிலிம் டெவலப் ஆனது, ஃபிக்ஸ் ஆனது, உலர்ந்தது. பிறகு ஓர் ஒளிப்புள்ளி அதை வரிவரியாகத் தடவிப் படிக்க, ரேடியோ வழியே படங்கள் பூமிக்கு வந்தன. மங்கல்தான், புள்ளி புள்ளியாகத்தான். ஆனாலும் ஆதிமனிதன் காலம் முதல் யாருமே பார்த்திராத முகம் அது!

விண்வெளிப் போட்டி என்றதும் இரண்டு நாடுகள் முதுகைத் திருப்பிக்கொண்டு தனித்தனியாக ஓடியதுபோல் நினைத்துக்கொள்கிறோம். 1957-லிருந்து முதல் பத்தாண்டுகளை உற்றுப் பார்த்தால் நிஜம் வேறு. ஒருவர் சட்டைப்பையில் இன்னொருவர் கை எப்போதும் இருந்தது. எதிராளியைத் தோற்கடிக்கச் செய்த பொருள் எதிராளிக்கே உதவியது. உளவுக்குச் செய்தது அறிவியலுக்குப் போனது, அறிவியல் என்று சொன்னது உளவாக இருந்தது.

ஒரே ஓர் இரவுக்கு ஒரு ராக்கெட்

பலூன் ஃபிலிமுக்குப் பதிலடி போல இன்னொரு கதை. லூனா ராக்கெட்டின் மேல்பகுதியை சோவியத் அரசு பெயின்ட் அடித்து, பெருமையோடு நாடு நாடாகக் கண்காட்சிக்கு அனுப்பியது. வெறும் மாதிரியாகத்தான் இருக்கும் என்று முதலில் எண்ணிய அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., கிட்டப் போய்ப் பார்த்ததும் திகைத்தது. இன்ஜினையும் பெரும்பாலான மின்பாகங்களையும் கழற்றியிருந்தார்களே தவிர, மற்றதெல்லாம் அசல்!

அவ்வளவுதான், அதைக் கடத்தத் திட்டம் போட்டுவிட்டார்கள். கண்காட்சி முடிந்து பெட்டிகள் லாரிகளில் ரயில் யார்டுக்குப் போகின்றன. அங்கே ஒரு சோவியத் காவலர் வரும் பெட்டிகளைக் குறித்துக்கொள்கிறார். ஆனால் மொத்தம் எத்தனை வரவேண்டும் என்ற பட்டியல் அவரிடம் இல்லை. இந்த ஓட்டை போதாதா? ராக்கெட் இருந்த பெட்டியைக் கடைசி லாரியில் ஏற்றச் செய்தார்கள். பின்னால் சோவியத் கார் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வழியில் லாரியை நிறுத்தி, டிரைவரை ஓர் ஓட்டல் அறையில் தங்கவைத்துவிட்டு, தங்கள் ஆளை ஓட்டச் சொன்னார்கள். லாரி போய் நின்றது உயரமான வேலி போட்ட ஒரு பழைய இரும்புக் கிடங்கில். ரயில் யார்டு காவலரோ, அன்றைய வேலை முடிந்தது என்று சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

பெட்டியின் பக்கங்களைத் திறக்க வழியில்லை. மேல்கூரைப் பலகைகளைப் பெயர்த்து, கயிற்று ஏணி போட்டு இறங்கினார்கள். கால் தடம் விழக் கூடாதே என்று ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு! வேலை தொடங்கும் முன்பு சட்டென்று சுற்றிலும் வெளிச்சம். சிக்கிக்கொண்டோம் என்று உறைந்து போனார்கள். பார்த்தால், வழக்கமான நேரத்துக்கு எரிந்த தெருவிளக்கு. உள்ளே ஒரு மூடியைத் திறக்க நூற்றுக்கும் மேற்பட்ட போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அதோடு சோவியத் முத்திரை பதித்த பிளாஸ்டிக் சீல் ஒன்றையும் அறுக்க வேண்டியிருந்தது. அதே மாதிரி சீல் ஒன்றை அன்று இரவே போலியாகச் செய்து வரவழைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குறியீட்டையும் படமெடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டி, பொழுது விடியும் முன் பழைய டிரைவரிடமே லாரியை ஒப்படைத்தார்கள். காலையில் காவலர் வந்தபோது பெட்டி அவருக்காகக் காத்திருந்தது. காதும் காதும் வைத்தாற்போல நடந்த இந்த வேலை ரஷ்யர்களுக்குத் தெரிந்ததற்கான அறிகுறியே இல்லை என்கிறது சி.ஐ.ஏ.வின் ரகசிய ஆவணம். பின்னாளில் அது வெளியானபோது படித்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

பீப் பீப்பிலிருந்து ஜி.பி.எஸ். வரை

இன்று ஆட்டோ வருகிறதா என்று போனில் பார்க்கிறோமே, அந்த வசதியின் பிறப்பு உலகின் முதல் செயற்கைக்கோளான ரஷ்யாவின் ஸ்புட்னிக்கில் இருக்கிறது, தெரியுமா?

1957 அக்டோபர் 4. எடை 83.6 கிலோ, குறுக்களவு 58 செ.மீ., நான்கு ஆன்டெனா. அணுகுண்டு சுமக்க உருவாக்கிய ஆர்-7 ஏவுகணையின் தலையில் உட்கார்ந்து மேலே போனது. 96 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியது. உண்மையில் சோவியத் அறிஞர்கள் முதலில் அனுப்ப நினைத்தது கருவிகள் நிறைந்த பெரிய செயற்கைக்கோளை. அது தாமதமாகவே, அமெரிக்கா முந்திவிடுமோ என்ற பதற்றத்தில் எளிய உருண்டை ஒன்றைச் செய்து ஏற்றினார்கள். அது செய்த வேலை ரேடியோவில் "பீப்... பீப்..." என்றது மட்டும்தான். சாயங்கால வானில் நகரும் புள்ளியைப் பார்த்து ஸ்புட்னிக், ஸ்புட்னிக் என்று உலகமே அண்ணாந்தது அல்லவா? அவர்களில் பெரும்பாலானோர் பார்த்தது ஸ்புட்னிக்கை அல்ல, அதோடு கூடவே சுற்றிவந்த ராக்கெட்டின் பெரிய உடலை!

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் அந்த பீப்பைப் பதிவு செய்தார்கள். ரயில் நம்மை நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்து போனதும் கட்டைக் குரலிலும் கேட்கிறதே, அதே போல ஸ்புட்னிக்கின் அலைவரிசையும் ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, தரையில் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே அதன் சுற்றுப்பாதை முழுவதையும் கணக்கிட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் ஒரு கேள்வி கேட்டார்: நாம் இருக்கும் இடம் தெரிந்தால் செயற்கைக்கோள் எங்கே என்று சொல்ல முடிகிறது. செயற்கைக்கோள் இருக்கும் இடம் தெரிந்தால், நாம் எங்கே என்று சொல்ல முடியுமா? அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் டிரான்சிட் செயற்கைக்கோள் திட்டம். கடலில் திரியும் அணு ஆயுத நீர்மூழ்கிகளுக்குத் தாம் இருக்கும் இடத்தைக் காட்ட அது உருவானது. 1964-ல் கடற்படைப் பயன்பாட்டுக்கு வந்தது. ஜி.பி.எஸ்.ஸுக்கு அண்ணன்!

ஸ்புட்னிக் போன இரண்டாம் மாதம், 1957 டிசம்பர் 6 அன்று, அமெரிக்கா தன் வான்கார்ட் ராக்கெட்டைக் கிளப்பியது. டிவியில் பார்த்தபடி நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ராக்கெட் நாலடி எழும்பி, அப்படியே உட்கார்ந்து, தீப்பிழம்பானது. அந்த நெருப்பிலிருந்து தூக்கியெறியப்பட்ட குட்டி செயற்கைக்கோள் என்ன செய்தது தெரியுமா? தான் விண்வெளியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, தரையில் கிடந்தபடி சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது! நசுங்கிய அந்தப் பந்து இப்போதும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் தம்பி வான்கார்ட்-1, 1958 மார்ச் 17-ல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை கிலோ கூட இல்லாத அதைப் பம்பளிமாஸ் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் கேலி செய்தார். ஸ்புட்னிக்-1 மூன்றே மாதத்தில் விழுந்து எரிந்துவிட்டது. கேலிக்கு ஆளான வான்கார்ட்-1 இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! மனிதன் அனுப்பியவற்றில் இன்னும் சுற்றுப்பாதையில் இருக்கும் மிகப் பழைய பொருள் அதுதான். சூரிய மின்கலத்தில் இயங்கிய முதல் செயற்கைக்கோளும் அதுதான். அதன் பாதையில் தெரிந்த சிறு நெளிவுகளை ஆராய்ந்துதான் பூமி லேசாகப் பேரிக்காய் வடிவம் என்று கண்டுபிடித்தார்கள்.

பெயர் இல்லாத மனிதர், பெயர் மாறிய ஊர்

ஸ்புட்னிக்கையும் லூனாவையும் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினையும் மேலே அனுப்பிய மூளை ஒன்றுதான்: செர்கேய் கொரோலியோவ். அவர் உயிரோடு இருந்தவரை உலகத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. செய்தித்தாளில் வெறும் தலைமை வடிவமைப்பாளர்! 1966 ஜனவரி 14-ல் இறந்த பிறகு வெளியான இரங்கல் செய்தியில்தான் சொந்த நாட்டு மக்களே அவர் பெயரை அறிந்தார்கள்.

1938-ல் ஸ்டாலினின் ஆட்கள் அவரைப் பொய்க் குற்றச்சாட்டில் கைது செய்து, கொலிமா தங்கச் சுரங்க முகாமுக்கு அனுப்பினார்கள். பசியிலும் ஸ்கர்வி நோயிலும் பற்கள் கொட்டின. அங்கே செத்திருந்தால்? நல்லவேளை, பொறியாளர்களை அடைத்துவைத்து வேலை வாங்கும் சிறைக்கு மாற்றப்பட்டு உயிர் பிழைத்தார். எதிர்ப்பக்கம், அமெரிக்காவின் ராக்கெட் நாயகர் வெர்னர் வான் பிரவுன். ஹிட்லருக்காக அவர் செய்த வி-2 ராக்கெட்டுகள் வதைமுகாம் கைதிகளின் ரத்தத்தில் உருவானவை. ஆயிரக்கணக்கானோர் அந்தச் சுரங்கத் தொழிற்சாலையில் மாண்டார்கள். முகாமில் கைதியாகக் கிடந்தவர் பெயர் மறைக்கப்பட்டது. கைதிகளை வைத்து ராக்கெட் செய்தவர் பத்திரிகை அட்டைகளில் சிரித்தார். விண்வெளி வரலாற்றில் என் மனசை மிகவும் அறுக்கும் விஷயம் இது.

ஆளுக்குத்தான் பெயரில்லை, ஊருக்காவது இருந்ததா? ககாரின் கிளம்பிய இடம் பைக்கானூர் என்று சோவியத் அரசு சொன்னது. நிஜமான பைக்கானூர் என்ற சுரங்க ஊர் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தது! ஏவுதளம் இருந்தது தியூரதாம் என்ற ரயில் நிலையத்தின் பக்கத்தில். எதிரியைத் திசைதிருப்பச் சொன்ன பொய் அது. கடைசியில் 1995-ல் ஏவுதள நகரத்துக்கே பைக்கானூர் என்று பெயர் வைத்து, பொய்யை மெய்யாக்கிவிட்டார்கள்.

ஒரே ஆகஸ்ட், இத்தனை அதிசயம்!

1960 ஆகஸ்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். எந்தச் சினிமாவிலும் இப்படி அடுக்கினால் நம்ப மாட்டோம்.

12-ம் தேதி, அமெரிக்கா எக்கோ-1 என்ற பலூனை விண்ணில் ஊதிப் பெரிதாக்கியது. சுமார் 30 மீட்டர் குறுக்களவு, மேலே அலுமினியப் பூச்சு. ரேடியோ அலையை அதன் மேல் மோதவிட்டுத் திரும்பிவருவதைப் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்க நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்ற இடத்தில் பெல் ஆய்வகம் ஒரு பெரிய கொம்பு ஆன்டெனா கட்டியது. எக்கோவின் வேலை முடிந்த பிறகு, 1964-ல் அதே ஆன்டெனாவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் வேலை செய்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல். உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தின் மிச்சம்! 1978-ல் அதற்கு நோபல் பரிசு. பலூனுக்காகக் கட்டிய ஆன்டெனா பெருவெடிப்பைக் கேட்டுவிட்டது.

16-ம் தேதி. ஜோசப் கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை கேப்டன் பலூனில் 31 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, அங்கிருந்து குதித்தார்! ஏறும்போதே வலது கையுறையில் காற்றழுத்தம் நிற்கவில்லை. கை வீங்கிப் பயனற்றுப் போனது. கீழே சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்று உயரம் எட்டும்வரை வாயைத் திறக்கவில்லை. நாலரை நிமிடத்துக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தார். அவருடைய உயரச் சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின.

19-ம் தேதிதான் உச்சம். அன்று மாஸ்கோ நீதிமன்றத்தில், சோவியத் வானில் வேவு பார்த்து வீழ்த்தப்பட்ட யு-2 விமானத்தின் விமானி கேரி பவர்ஸுக்கு 10 ஆண்டு தண்டனை. அதே நாள், ஹவாய் அருகே கடலுக்கு மேல் பறந்த ஒரு சரக்கு விமானம், விண்வெளியிலிருந்து பாராசூட்டில் இறங்கிவந்த ஒரு வாளியை நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தது! அதற்குள் கொரோனா என்ற ரகசிய உளவு செயற்கைக்கோள் எடுத்த ஃபிலிம். வெளியே சொன்ன பெயர் டிஸ்கவரர், சொன்ன காரணம் அறிவியல். அதற்கு முன் ஃபிலிமைக் கொண்டுவரச் செய்த முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றிருந்தன. ஆனால் அந்த ஒரே வாளியில், யு-2 விமானங்கள் நான்கு ஆண்டுகள் பறந்து எடுத்த மொத்தப் பரப்பைவிட அதிகமான சோவியத் நிலம் பதிவாகியிருந்தது. விமானியைச் சிறையில் அடைத்த அன்றே விமானியே தேவைப்படாமல் போயிற்று! வாளியில் இன்னொரு தந்திரமும் இருந்தது. விமானம் தவறவிட்டால் அது கடலில் மிதக்கும். அதன் அடியில் உப்பில் செய்த ஓர் அடைப்பு. யாரும் எடுக்காவிட்டால் உப்பு கரைந்து, தண்ணீர் புகுந்து, வாளி மூழ்கிவிடும். எதிரி கைக்குப் போகாது. ஒரு துண்டு உப்பில் எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு!

அதே 19-ம் தேதி, பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் எலிகளோடும் சுண்டெலிகளோடும் விண்ணுக்குப் போய், மறுநாள் உயிரோடு திரும்பின. சுற்றுப்பாதைக்குப் போய்ப் பிழைத்து வந்த முதல் ஜீவன்கள். ஸ்ட்ரெல்கா பின்னர் குட்டிகள் போட்டது. அதில் புஷிங்கா என்ற குட்டியை குருஷ்சேவ் 1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். வெள்ளை மாளிகையில் புஷிங்கா, கென்னடி வீட்டு நாய் சார்லியோடு சேர்ந்து நான்கு குட்டிகள் போட்டது!

இந்த மகிழ்ச்சியைச் சொல்லும் வாய் லைக்காவைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. 1957 நவம்பர் 3-ல் போன லைக்கா, மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். திரும்பிவர வழியே வைக்காமல் அனுப்பினார்கள். நாட்கணக்கில் உயிரோடு இருந்தது என்றே உலகம் நம்பியது. ஏறிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் செத்துவிட்டது என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. புறப்படும் முன் மருத்துவர் யாஸ்டோவ்ஸ்கி அதைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்க் குழந்தைகளோடு விளையாடவிட்டாராம்.

கலத்தில் ஏறினார், பாராசூட்டில் இறங்கினார்

1961 ஏப்ரல் 12. யூரி ககாரின், 108 நிமிடங்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை, தெரியுமா? சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனியாகப் பாராசூட்டில் இறங்கினார். விமானி கலத்தோடு இறங்கினால்தான் உலகச் சாதனை என்று அன்றைய விதி. அதனால் சோவியத் அரசு பல ஆண்டுகள் இதை மறைத்தே வைத்தது. இறங்கிய இடம் சராத்தவ் பகுதியில் ஒரு வயல். ஆரஞ்சு உடை, வெள்ளை ஹெல்மெட்டோடு வானத்திலிருந்து வந்த மனிதரைப் பார்த்து மிரண்டு நின்றவர்கள், வயல் வேலையில் இருந்த ஒரு பாட்டியும் பேத்தியும்!

விண்வெளியில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று அன்று பயம். அதனால் கலத்தின் கட்டுப்பாடுகளைப் பூட்டி, திறக்கும் எண்ணை ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்தார்கள். புத்தி தெளிவாக இருப்பவர்தான் உறையைப் பிரித்து எண்ணைப் படித்துப் போடுவார் என்று கணக்கு. எண் 125. ஆபத்து நேரத்தில் உறையைத் தேடிக்கொண்டிருப்பானா என்று மனசு கேட்காமல், கிளம்பும் முன் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணை ககாரினிடம் காதோடு சொல்லிவிட்டார்கள். பொறியியலைவிட அன்பு பெரியதாக நின்ற அந்தக் கணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நிலாவுக்கு மனிதனை அனுப்புவோம் என்று 1961 மே 25-ல் கென்னடி அறிவித்தபோது, அமெரிக்காவுக்கு இருந்த மொத்த மனித விண்வெளி அனுபவம் எவ்வளவு? 15 நிமிடம்! மே 5-ல் ஆலன் ஷெப்பர்ட் மேலே போய் விழுந்து வந்தது மட்டும்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பூமியைச் சுற்றிய ஜான் க்ளென், தன் கேமராவை வாங்கியது கோகோ பீச்சில் ஒரு மருந்துக் கடையில், ஏறக்குறைய 40 டாலருக்கு. இரவில் அவர் மேலே பறந்தபோது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மக்கள் வீட்டு விளக்குகளை எல்லாம் எரியவிட்டு வரவேற்றார்கள். அவர் மேலிருந்து பார்த்து நன்றி சொன்னார்.

1963 ஜூனில் விண்வெளிக்குப் போன முதல் பெண், வாலன்டினா தெரஷ்கோவா. பஞ்சாலைத் தொழிலாளி, பொழுதுபோக்குக்குப் பாராசூட்டில் குதித்தவர். 48 முறை பூமியைச் சுற்றினார். அதுவரை போன அமெரிக்க வீரர்கள் எல்லோரும் சேர்ந்து விண்ணில் இருந்த நேரத்தைவிட அவர் ஒருவர் இருந்த நேரம் அதிகம்! அம்மாவிடம் பாராசூட் பயிற்சிக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

அலெக்ஸி லியோனவ் கதைக்கு ஒரு புத்தகம் போதாது. 1965 மார்ச் 18-ல் விண்ணில் முதன்முதலாகக் கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்தவர். 12 நிமிடம். உள்ளே திரும்பலாம் என்றால் முடியவில்லை. வெற்றிடத்தில் உடை உப்பி விறைத்துவிட்டது. விரல்கள் கையுறையை விட்டு, பாதங்கள் ஷூவை விட்டு நழுவிவிட்டன. கீழே யாரிடமும் கேட்காமல், உடையிலிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். அதிகம் விட்டால் ரத்தத்தில் குமிழி கட்டி உயிர் போகும். விதிப்படி கால் முதலில் நுழைய வேண்டியவர், தலைகுப்புற நுழைந்து, அந்தக் குறுகிய குழாய்க்குள் உடம்பை மடக்கித் திரும்பிக் கதவைச் சாத்தினார். அதோடு விட்டதா? தானியங்கி இறங்கும் அமைப்பு பழுது. கூட இருந்த பாவெல் பெல்யாயெவ் கையால் இயக்கி இறக்கினார். இறங்கியது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பனி மூடிய உரால் காட்டில்! இரண்டு இரவு கழித்து, பனிச்சறுக்குப் பலகையில் சறுக்கிப் போய்தான் ஹெலிகாப்டரைப் பிடித்தார்கள். இத்தனைக்கும் நடுவில் லியோனவ் கலர் பென்சில்களை நூலில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, சுற்றுப்பாதையில் கண்ட சூரிய உதயத்தை வரைந்திருந்தார். விண்வெளியில் வரைந்த முதல் ஓவியம் அது.

குண்டு போட்டவரே குருடானார்

1962 ஜூலை 9. பசிபிக் பெருங்கடலுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. விண்வெளியில்! 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. மறுநாளே அமெரிக்கா டெல்ஸ்டார் செயற்கைக்கோளை அனுப்பியது. அட்லான்டிக் கடலைத் தாண்டி நேரடி டிவி படத்தை முதலில் கொண்டுபோன பெருமைக்குரிய டெல்ஸ்டார், குண்டு விட்டுச்சென்ற கதிர்வீச்சில் நனைந்து, சில மாதங்களில் செத்தது. நட்பு நாடான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள் ஏரியல்-1-ம் சேதமடைந்தது. ரஷ்யாவும் அதே ஆண்டு இதே அக்கிரமத்தைச் செய்தது. மறு ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தம் விண்வெளியில் அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்தது. அது மட்டும் வந்திராவிட்டால் இன்று வானத்தில் எதைத்தான் நிறுத்தி வைத்திருக்க முடியும்?

படங்களுக்குத் திரும்புவோம். 1966 பிப்ரவரி 3-ல் சோவியத் லூனா-9 நிலாவில் மெதுவாக இறங்கியது, உலகில் முதன்முதலாக. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி நிலையத்தில் பெர்னார்ட் லவலின் குழு அந்தச் சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்ட காதுகளுக்கு ஒரு சந்தேகம்: இது பத்திரிகை அலுவலகங்கள் படம் அனுப்பும் சத்தம் மாதிரி இருக்கிறதே? டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையிடமிருந்து படம் வாங்கும் இயந்திரத்தை அவசரமாக வரவழைத்து இணைத்தார்கள். நிலாத் தரை வரிவரியாகத் தாளில் விரிந்தது! ரஷ்யர்கள் வெளியிடும் முன்பே லண்டன் பத்திரிகையில் ரஷ்யாவின் நிலாப் படம். அகல அளவு தெரியாததால் படம் பக்கவாட்டில் நெருங்கி, கற்கள் கொஞ்சம் ஒல்லியாகிவிட்டன, அவ்வளவுதான்.

செவ்வாயின் முதல் கிட்டப்படத்தை வரைந்தது மனிதக் கை, தெரியுமா? 1965 ஜூலையில் அமெரிக்காவின் மரைனர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்தது. ஒரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். நொடிக்கு எட்டு பிட் வேகம்! கம்ப்யூட்டர் படமாக்கித் தரும்வரை கலிஃபோர்னியா ஆய்வகத்துப் பொறியாளர்களுக்குப் பொறுமையில்லை. வந்த எண்களை நீளத் தாள்களில் அச்சடித்து, பக்கம் பக்கமாகப் பலகையில் குத்தி, கடையில் பேஸ்டல் வண்ணக் குச்சிகள் வாங்கிவந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம் என்று தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காவியும் மஞ்சளும் பழுப்புமாகச் செவ்வாயின் விளிம்பு அவர்கள் விரலடியில் எழுந்தது.

தும்பாவில் இரண்டு பேரும்

இந்தப் பகையாளிகள் இருவரும் வந்து நின்ற ஒரு கடற்கரை நமக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா! பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவ கிராமத்தின் மேலே போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடம் கிடைக்காது. விஞ்ஞானி விக்ரம் சாராபாய் போய்க் கேட்க, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா தேவாலயத்தையும் தன் வீட்டையும் விட்டுக்கொடுத்தார். புனித மேரி மகதலேன் ஆலயத்துக்குள் ராக்கெட் வேலை நடந்தது.

1963 நவம்பர் 21 சாயங்காலம். நைக்-அப்பாச்சி ராக்கெட் அமெரிக்காவுடையது. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. ராக்கெட்டைப் பூட்டிச் சேர்க்கும் பொறுப்பு ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமுக்கு. ரேடார், தொலையளவிக் கருவிகள் ஆராவமுதனுக்கு. ஏவுமேடைக்குத் தூக்கும்போது கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. பழுது பார்க்க நேரமில்லை. எல்லோரும் சேர்ந்து தோள் கொடுத்துக் கையாலேயே ராக்கெட்டை ஏற்றி நிறுத்தினார்கள்! சூரியன் மறையும் வேளையில் அது கிளம்பி, மேலே சோடியம் ஆவியைக் கொட்டியது.

பின்னர் சோவியத் நாடு அதே தும்பாவுக்கு ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கம்ப்யூட்டரும் கொடுத்தது. 1968 பிப்ரவரி 2-ல் இந்திரா காந்தி அந்த ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். அமெரிக்க ராக்கெட் கிளம்பிய மணலிலிருந்தே, 1970 முதல், வானிலை பார்க்கும் சோவியத் எம்-100 ராக்கெட்டுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாராவாரம் பறந்தன.